முதல் மாதம் இலவசம்

அவர் பெயரை நான் எழுதவில்லை. மறைப்பதற்காக அல்ல, எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் அவரை ‘ட்ரயல் அண்ணே’ என்போம். கேட்டால் கோபப்பட மாட்டார், சிரிப்பார். வரிசையான, வெள்ளைப் பற்கள்.

பலகாரக் கடைக்குள் அவர் நுழைவதை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பெண்ணிடம், “தங்கச்சி, வீட்டுல விசேஷம், அந்த மஞ்சள்ல ஒரு துண்டு குடும்மா, ருசி பாக்கலாம்” என்பார். அப்புறம் அந்தப் பச்சை. அப்புறம் அந்த முறுக்கில் பாதி. கடைசியில் “வீட்டுக்காரியக் கூட்டிட்டு வரேன், அவ சொன்னாத்தான்” என்று வெளியே வந்து வாயைத் துடைத்துக்கொள்வார். விசேஷமும் இல்லை, வீடும் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் பேரங்காடியில் வாசனைத் திரவியம் விற்கும் மேசையில் இரண்டு மணிக்கட்டிலும் அடித்துக்கொள்வார். உடற்பயிற்சிக் கூடங்கள் முதல் வாரம் இலவசம் என்று பலகை வைத்தால் அந்த வாரம் அவருக்குக் குளியல் அங்கேதான்.

“முத மாசம் எல்லாரும் நல்லவங்கதான் தம்பி” என்பது அவர் அடிக்கடி சொல்வது. “வீட்டு ஓனரு, வேல குடுக்குற தவுக்கே, பொண்டாட்டி, போன்ல இருக்குற ஆப், எல்லாம். ரெண்டாவது மாசந்தான் மூஞ்சி தெரியும். நாம அதுக்கு முன்னயே கெளம்பிடணும் லா.”

நான் ஃபார்ம் த்ரீயோடு பள்ளியை விட்டவன். கிள்ளான் துறைமுகத்தில் லோரியில் ஏறி இறங்கினேன். கோழிப்பண்ணையில் இருந்தேன். சுபாங் ஜெயாவில் காவல் வேலை பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் எச்சில் இலை எடுத்தேன். பசித்த நாட்கள் உண்டு. பெரிதாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை, பசி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் பசிக்கும். ஓரிடத்தில் இருக்கப் பிடிக்காமல்தான் பாதி வேலையை விட்டேன். மீதியை அவர்கள் விட்டார்கள். கடைசியில் ஒரு பழைய தண்ணீர்ப் பம்பும் தார்ப்பாயும் வாங்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏர்கோன் கழுவ ஆரம்பித்தேன். தனி ஆள், சொந்த வேலை.

சுபாங் ஜெயாவில் ஓர் அடுக்குமாடியின் நிர்வாக அலுவலகத்தில் இருந்த பெண்மணிக்கு என் வேலை பிடித்திருந்தது. நான் கையால் எழுதிக் கொடுத்த ரசீதைத்தான் பிடிக்கவில்லை. இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இந்த ரெசிட் புக்கெல்லாம் இனிமே ஆகாது. சிஸ்டத்துல இருந்து இன்வாய்ஸ் அனுப்புங்க. உங்க பேரு, ஐசி கார்டு நம்பர், செஞ்ச வேல, எல்லாம் ஒழுங்கா இருக்கணும். கொஞ்ச மாசம் பாப்பேன். சரியா இருந்தா எங்க கொண்ட்ரக்டர் லிஸ்ட்டுல உங்க பேரச் சேக்குறேன்.”

அந்தப் பட்டியலில் சேர்ந்தால் அந்த மாடிகள் முழுக்க வருஷம் பூராவும் எனக்கு வேலை. அடுத்த மாதம் எங்கே இருப்பேன் என்று தெரிந்து நான் ஒருபோதும் இருந்ததில்லை. அதனால் இன்வாய்ஸ் அனுப்புகிற ஆப் ஒன்றைத் தேடினேன். அப்படித் தேடிய எல்லாரும் போய் நிற்கும் இடத்துக்கே நானும் போனேன்.

மோனோரெயில் பாலத்துக்கு அருகே ஒரு சாப்பாட்டுக் கடை. மதியக் கூட்டம் கலைந்ததும் கடைசி மேசையில் அவர் உட்கார்ந்திருப்பார். துண்டில் சுற்றிய மடிக்கணினி. அதில் ஒரு பொத்தான் விழுந்துபோயிருந்தது. அந்த எழுத்து வரும்போது மட்டும் பல்குத்தும் குச்சியால் குழிக்குள் அமுக்குவார். வயர் வேலை, குழாய் வேலை, ஏர்கோன், ஹீட்டர் என்று கிடைத்ததைச் செய்யும் தனியாள்தான் அவரும். ஆனால் இன்வாய்ஸ் போடும் ஆப் என்றால் எங்கள் வட்டத்தில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லை.

“என்ன தம்பி, ஆப் பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? இவ்ளோ சீரியஸா இருக்க?”

பக்கத்தில் டைல்ஸ் போடும் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ட்ரயல் அண்ணேயைச் சீண்டுவதுதான் அவருடைய தேநீர் நேர வேலை. “பொண்ணு பாக்கத்தான் இவர்கிட்ட வரக் கூடாது. பாத்துட்டே இருப்பாரு, கட்ட மாட்டாரு” என்றார்.

அவர் கண்டுகொள்ளாமல் திரையை என் பக்கம் திருப்பினார்.

“இது பாரு. மூஞ்சி நல்லா இருக்கும். மொத அஞ்சு இன்வாய்ஸ் சும்மா. ஆறாவது கேட்டேன்னா கழுத்தப் புடிக்கும். இது இருக்கே, உன் பில்லுக்கு அடியில அவன் கம்பெனி பேரப் போட்டுக்குவான். கஸ்டமரு உன்னைய மறந்துட்டு அவனத்தான் ஞாபகம் வச்சிருப்பான். இது வெள்ளக்காரனோடது. ரிங்கிட்ட டாலராக்கிக் கேப்பான், நம்ம ஊரு வரிக் கணக்குக்கு ஒத்து வராது. இது லைன் இல்லாட்டிப் படுத்துக்கும். நீ மொட்ட மாடியில கம்ப்ரசர் பக்கத்துல நின்னுக்கிட்டு என்னா செய்வ? இது இன்னொண்ணு. காசு வரலன்னா அதுவே கஸ்டமருக்கு மெசேஜ் போடும்.”

“நல்லதுதானே அண்ணே?”

“அவரு மக கல்யாணத்தன்னிக்கும் போடும் லா!”

“நீங்க எத வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

டைல்ஸ் அண்ணன் தேநீரைச் சிந்திவிட்டுச் சிரித்தார். “எல்லாத்தையுந்தான்! ஒவ்வொண்ணும் முப்பது நாளு. முடிஞ்சா வேற ஆப், வேற ஈமெயிலு, வேற கம்பெனி பேரு. போன மாசம் ஸ்டார் கூலிங். அதுக்கு முன்ன வெற்றி சர்வீஸா, என்னாண்ணே அது?”

“அது ரெண்டு மாசத்துக்கு முன்ன” என்றார் அவர், கொஞ்சம் பெருமையாக. “கார்டு நம்பர் மட்டும் எவனுக்கும் குடுக்கக் கூடாது. கார்டு குடுத்தா கட்டிப் போட்டுடுவான்.”

கடைசியில் எனக்குப் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். சாதாரண ஆப். மாதத்துக்குக் கொஞ்சம் இன்வாய்ஸ் சும்மா விடும், ரிங்கிட் தெரியும், போனில் ஓடும். சரியான தேர்வுதான். அதில் அவர் என்னை ஏமாற்றவில்லை. என் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லச் சொல்ல, குச்சியும் விரலுமாகத் தட்டினார். தட்டி முடித்ததும் என் முழுப்பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் பேரு எதுலயும் இல்ல தம்பி. கடன் இல்ல, சம்மன் இல்ல, ஒரு ஆப்லயும் இல்ல. சுத்தமா இருக்கு.”

என்னிடம் இருக்கும் எதையும் யாரும் சுத்தம் என்று சொன்னதில்லை. அவருக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன். வாடகைக்கு வருபவர் காலி வீட்டின் சுவரைத் தட்டிப் பார்ப்பது போல அவர் அதைச் சொன்னார் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

அவர் நல்லவர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழக ஆரம்பித்துச் சில வாரங்களில் எனக்கு டெங்கி வந்தது. வாடகை அறையில் தனியாகக் கிடந்தேன். அவர்தான் மோட்டாரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தினமும் வந்தார். கஞ்சி கொண்டுவந்தார், ஒரு முறை தன் சட்டையையே கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் பனியனோடு போனார். எனக்கு அப்படிச் செய்ய வேறு யாரும் இல்லை. டைல்ஸ் அண்ணன் பார்க்க வந்தபோது நான் இதைச் சொன்னேன்.

“சீக்கிரம் எந்திரிச்சிடு. இன்னும் ஒரு வாரந்தான் இருக்கு” என்றார் அவர். இருவரும் சிரித்தோம்.

உண்மையில் அந்த வாரம் முடிந்த பிறகும் ட்ரயல் அண்ணே என்னை விடவில்லை. வாடகை அறைகளை மாதம் முடியுமுன் மாற்றியவர், முன்பணத்தையே வாடகையாகக் கழித்துக்கொண்டு இரண்டு பையோடு இறங்கிப் போகிறவர், எனக்கு மட்டும் இரண்டாவது மாதம் கொடுத்தார். எனக்கு அதில் ஒரு கர்வம்கூட இருந்தது.

அந்தச் சமயத்தில் தன் பழைய டிரில் மெஷினை எடுத்துவர என்னைக் கிள்ளானுக்கு அனுப்பினார். மனைவி வீடு. நான் போனபோது அந்த அக்கா இரும்புக் கதவைத் திறக்காமல் கம்பிக்கு நடுவே டிரில்லை நீட்டினார்.

“எத்தன நாள் பழக்கம் தம்பி?”

“ஒரு மாசம் இருக்கும் அக்கா.”

“எங்கூட ரெண்டு வருசம் இருந்தாரு. அவருக்கு அது ரொம்ப நாளு.” சொல்லும்போது முகத்தில் கோபமில்லை. “உன் போன் நம்பர எதுக்காச்சும் கேட்டாரா?”

“இல்லையே. ஏன் அக்கா?”

“சும்மாதான் கேட்டேன்.” உள்கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் இரண்டு போடும் சத்தம் கேட்டது.

அவரோடு வேலைக்கும் சில நாள் போயிருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய வீட்டில் குளியலறைக்குச் சுடுதண்ணீர் ஹீட்டர் மாட்டினார். நான் ஏணி பிடித்தேன். ஹீட்டரிலிருந்து வந்த மூன்று வயரில் பச்சை வயரை மட்டும் எங்கும் இணைக்காமல் மடித்து, டேப் சுற்றி, மூடிக்குள் தள்ளினார். அது எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது. மிச்சம் ஆகிவிட்டதோ என்று நினைத்துக் கேட்டேன்.

“அத மெயின் போர்ட் வரைக்கும் இழுக்கணும். அர நாளு வேல. தண்ணி சுடுதா பாரு.” குழாயைத் திறந்து என் கையைப் பிடித்து நீட்டினார். இதமாகச் சுட்டது. “சுட்டா சரி லா.”

அன்று அவர் போனில் வேறோர் அம்மாள் கூப்பிட்டார். சத்தம் வெளியே கேட்டது. வெற்றி சர்வீஸ்தானே, போன தடவை மாட்டிய ஏர்கோனில் தண்ணீர் ஒழுகுகிறதே என்றார். இவர் குரலை அப்படியே மாற்றிக்கொண்டு பணிவாக, “அந்தக் கம்பெனி மூடியாச்சு ஆன்டி” என்றார். போனை வைத்துவிட்டு எனக்குக் கண்ணடித்தார். நான் சிரித்தேன். அதற்குப் பிறகு, அவர் சட்டையிலிருந்து வரும் வாசனை அடித்தாலே அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது. ஏன் என்று யோசிக்கவில்லை.

ஒருநாள் மேசையில் சொன்னார்: “தம்பி, உனக்குன்னே ஒரு நல்ல ஆப் பாத்து வச்சிருக்கேன். சுபாங் ஜெயா மேடம் கேக்குற மாதிரியே இன்வாய்ஸ் வரும், வாரண்டி எல்லாம் அடியில பிரிண்ட் ஆகும். நான் ஒரு மாசம் ஓட்டிப் பாக்குறேன். நல்லா இருந்தா நீ அதுக்கு மாறிக்கோ. உன் பேருலயே தொறக்குறேன். உன் போனுக்கு ஒரு கோட் வரும், படி.”

படித்தேன். ஆறு எண்கள்.

அதன் பிறகு அந்த ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் என் போனுக்குக் கோட் வரும். உடனே அவர் கூப்பிடுவார். ஏணி மேல் நிற்கும்போது படித்தேன். சாப்பிடும்போது படித்தேன். தைப்பூசத்தன்று பத்துமலையில், காவடிகளுக்கு நடுவே, உறுமி மேளத்தில் காது அடைத்திருக்க, போனை வாயருகே வைத்து ஆறு எண்களையும் கத்தினேன். பக்கத்தில் நின்ற கிழவர் ஏதோ மந்திரம் என்று நினைத்தோ என்னவோ, கையெடுத்துக் கும்பிட்டார். இதை டைல்ஸ் அண்ணனிடம் சொன்னேன், சிரிப்பார் என்று. அவர் சிரிக்கவில்லை.

“எதுக்கு அவருக்குத் தெனம் ஒரு கோட்? டெஸ்ட் பண்றதுக்கா?”

“எனக்குத்தான் பாக்குறாரு அண்ணே.”

“ஓ” என்றார். கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பது நாள் முடிந்ததும் கடைசி மேசை காலியானது. கேட்டால், கடைக்காரருக்குத் தெரியவில்லை. அறையில் வேறு ஆள் இருந்தான். போன் எண் உபயோகத்தில் இல்லை. நான் வருத்தப்பட்டேனே தவிர ஆச்சரியப்படவில்லை. நானே அப்படிப் பல ஊர்களை விட்டு வந்தவன்தான்.

அப்புறம் கிள்ளானிலிருந்து அந்த அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல் என் முழுப்பெயரை, அப்பா பெயரோடு சேர்த்துச் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்டது.

“ஆமா ஆன்டி.”

“நீங்க மாட்டுன ஹீட்டர்ல என் வீட்டுக்காரருக்குக் கரண்ட் அடிச்சிருச்சு. கதவ ஒடைச்சித்தான் எடுத்தோம். ஆஸ்பத்திரியில இருக்காரு.”

“நான் ஹீட்டரே மாட்டுறதில்ல ஆன்டி. ஏர்கோன் கழுவுறவன்.”

“பில்லுல உங்க பேருதான் போட்டிருக்கு. உங்க நம்பருதான் போட்டிருக்கு. வாரண்டி ஒரு வருசம்னு போட்டிருக்கு.”

போகாமல் இருந்திருக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் சிம் கார்டு விற்கும் கடை முன்னால் மோட்டாரை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன். புது எண், அப்புறம் வேறு ஊர். எனக்கு அது கஷ்டமே இல்லை. ஆனால் என் பெயர் ஒரு தாளில் அச்சாகி ஒரு வீட்டில் இருக்கிறது. நான் எந்த ஊருக்குப் போனாலும் அது அங்கேயே இருக்கும். கிள்ளானுக்குப் போனேன்.

அந்த ஆன்டி வாசலில் என்னைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். “நீங்க இல்ல. அவரு நல்ல ஒசரம். சென்ட் வாசன. அவ்ளோ மரியாதையாப் பேசுனாரு. எங்க வீட்டுக்காரரு அவர உக்கார வச்சிச் சோறு போட்டாரு.”

குளியலறையில் அந்த ஆன்டியின் தம்பி இருந்தார். லைசன்ஸ் உள்ள வயர்மேன். ஹீட்டரைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார்.

“வா, பாரு. வெளி மூடி மட்டும் புதுசு, உள்ள எல்லாம் பழசு. தண்ணிக்குள்ள கரண்ட் எறங்குது. எறங்கினா மண்ணுக்குப் போறதுக்குத்தான் இந்தப் பச்ச வயரு. இத எங்கயும் குடுக்கல, மடிச்சி வச்சிருக்கான். கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச் ஒண்ணு இருக்கும், அதையும் ஒதுக்கிட்டு நேரா குடுத்திருக்கான். அப்ப கரண்ட் எங்க போகும்? குளிக்கிறவன் மேல போகும்.”

மடித்து டேப் சுற்றிய அந்தப் பச்சை நுனியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில், என் கையால் பிடித்த ஏணியின் உச்சியில்.

“இன்னும் எத்தன வீட்டுல மாட்டியிருக்க?” என்றார் அவர்.

“அண்ணே, நான் மாட்டல.”

“சரி. உன் பேரு எத்தன வீட்டுல மாட்டியிருக்கு?”

அதற்கான பதில் ட்ரயல் அண்ணே என் பேரில் திறந்த அந்த ஆப்பில் இருந்தது. அந்த ஆன்டி வீட்டுச் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து என் போனில் அதை இறக்கினேன். என் எண்ணைப் போட்டேன். கோட் வந்தது. அத்தனை நாள் வேறொருவருக்குப் படித்துக் காட்டிய ஆறு எண்களை முதல்முறையாக எனக்கே படித்துக்கொண்டேன்.

உள்ளே விடவில்லை. இலவசக் காலம் முடிந்தது, கணக்கு பூட்டப்பட்டுள்ளது, பணம் கட்டினால் திறக்கும், கட்டாவிட்டால் நாளையோடு எல்லாம் அழிக்கப்படும் என்று திரையில் வந்தது. கார்டு நம்பர் கேட்டது. மாதத்துக்கு நாலு வாழையிலைச் சாப்பாட்டுக் காசு. கார்டு குடுத்தா கட்டிப் போட்டுடுவான் என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. கொடுத்தேன்.

திறந்தது. என் பெயரில், அழகான எழுத்தில், கீழே வாரண்டி வரியோடு, ஒன்றன் கீழ் ஒன்றாக இன்வாய்ஸ்கள். ஹீட்டர், ஹீட்டர், ஏர்கோன், ஹீட்டர். எல்லாம் ரொக்கமாக வாங்கியாயிற்று என்று குறிப்பு. வயர்மேன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வேனின் சாவியை எடுத்தார்.

அன்று மதியமும் மறுநாளும் வீடு வீடாகப் போனோம், முதலில் நான் ஏணி பிடித்த அந்தப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு. கதவைத் திறப்பவர்களிடம் என்ன சொல்வது? “வணக்கம், உங்க வீட்டுல ஹீட்டர் மாட்டின கம்பெனி. அத நீங்க இனிமே போடக் கூடாது.” சிலர் உள்ளே விட்டார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். ஒரு வீட்டில் தலையில் எண்ணெயோடு பெண் குளிக்கப் போய்க்கொண்டிருந்தாள். வயர்மேன் போட்ட சத்தத்தில் எல்லாரும் உறைந்து நின்றோம். அவர் ஹீட்டரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நான் வேறு பக்கம் பார்க்க நினைத்து, பார்க்காமல் இருக்க முடியாமல் பார்ப்பேன். மடித்த பச்சை நுனி. எல்லாவற்றிலும் அதே டேப்.

போலீஸில் அந்த ஆன்டியும் புகார் கொடுத்தார், நானும் வாக்குமூலம் கொடுத்தேன். அவர் பெயரைக் கேட்டார்கள். தெரிந்த பெயர்களையெல்லாம் சொன்னேன். “ஒண்ணு சொல்லுங்க, போதும்” என்றார் எழுதிக்கொண்டிருந்தவர்.

அந்த இன்வாய்ஸ் பட்டியலில் ஒரு வீடு சுபாங் ஜெயாவில், அதே அடுக்குமாடியில். நிர்வாகப் பெண்மணி நான் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் கொடுத்தார்.

“நீங்க செய்யல, எனக்குப் புரியுது. ஆனா போலீஸ் ரிப்போர்ட்டுல உங்க பேரு இருக்கு. லிஸ்ட்டுல என்னால போட முடியாது. சாரி.”

சரி என்று எழுந்து வந்தேன். அங்கே சேராததால் நான் செத்துவிடவில்லை. இப்போது வேறு இடங்களில் ஏர்கோன் கழுவுகிறேன்.

கிள்ளான் ஆன்டியின் கணவர் பிழைத்துக்கொண்டார். வலது கை இன்னும் முழுதாக மடங்கவில்லை.

எல்லா வீட்டையும் முடித்துவிட்டோம், ஒன்றைத் தவிர. அந்த ஒரு இன்வாய்ஸில் அவர் முகவரி எழுதவில்லை, போன் எண் எழுதவில்லை. வாடிக்கையாளர் என்ற இடத்தில் ‘சிவப்பு கேட் ஆன்டி, கிள்ளான்’ என்று மட்டும் இருக்கிறது. வேலை என்ற இடத்தில்: ஹீட்டர், சமையலறைப் பக்கத்துக் குளியலறை.

கிள்ளானில் எத்தனை சிவப்பு கேட் இருக்கிறது என்று தேடாதவர்களுக்குத் தெரியாது. நான் வேலையில்லாத நாட்களில் தாமான் தாமானாக, ஒரு குடியிருப்பு விடாமல் சுற்றுகிறேன். சிவப்பு கேட்டைப் பார்த்தால் மணி அடிக்கிறேன். தீபாவளிக்குத் தீபாவளி கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். போன தீபாவளிக்குப் பிறகு அது பச்சையாகக்கூட இருக்கலாம். அதனால் இப்போது பச்சை கேட்டிலும் மணி அடிக்கிறேன்.

அந்த ஆப்புக்கு மாதாமாதம் காசு கட்டுகிறேன். நிறுத்தினால் ‘சிவப்பு கேட் ஆன்டி’ என்ற அந்த வரியும் அழிந்துவிடும். இன்வாய்ஸ் போட எந்த ஆப்பை வைத்திருக்கிறாய் என்று புதிதாக வேலை தொடங்கும் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். நான் தேர்ந்தெடுத்தது அல்ல, விட முடியாதது.

சென்ற மாதம் ஏர்கோன் கழுவிக்கொண்டிருந்தபோது என் போனுக்கு ஒரு கோட் வந்தது. நான் எதையும் திறக்கவில்லை. கை ஈரத்தோடு போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அடித்தது. தெரியாத எண்.

“தம்பி! எப்படி இருக்க? அந்தப் பழைய அக்கவுண்ட் இன்னும் உசுரோட இருக்கு போல. நீ கட்டுறியா? கெட்டிக்காரன் லா. ஒரு கோட் வந்திருக்கும், படி.”

அதே குரல். கஞ்சி கொண்டுவந்த குரல்.

“வந்துச்சு அண்ணே. சிவப்பு கேட் ஆன்டி வீடு எங்க?”

“எந்த ஆன்டி?”

“கிள்ளான்ல ஹீட்டர் மாட்டுனீங்க. சமையக்கட்டுப் பக்கம். வீடு எங்கன்னு சொல்லுங்க, படிக்கிறேன்.”

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்று நினைக்கிறேன். பின்னால் எங்கோ பாத்திரம் கழுவும் சத்தம், ஏதோ ஒரு கடை, ஏதோ ஒரு கடைசி மேசை.

“கிள்ளான்ல எல்லா கேட்டும் செகப்புதான் தம்பி” என்றார் கடைசியில். “அந்தக் கம்பெனி மூடியாச்சு. விடு லா. கோட் எக்ஸ்பையர் ஆயிடும், சீக்கிரம் படி.”

“அந்தக் கம்பெனி என் பேரு அண்ணே.”

அவர் வைத்துவிட்டார். நான் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அந்த எண்ணைப் போலீஸில் கொடுத்தேன். மறுநாளே அதுவும் உபயோகத்தில் இல்லை என்று வந்துவிட்டது.

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் நல்ல மழை. கிள்ளானிலும் பெய்கிறது என்றார்கள். இப்படிக் குளிர்ந்தால் எல்லாரும் சுடுதண்ணீரில்தான் குளிப்பார்கள்.

அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன். நல்ல உயரம், வரிசையான பற்கள், மணிக்கட்டில் வாசனை, மரியாதையான பேச்சு. சோறு போட்டால் பாராட்டிச் சாப்பிடுவார். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் ஹீட்டர் மாட்டியிருந்தால், கேட் இப்போது எந்த நிறமாக இருந்தாலும், அதைப் போடாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அவர் கொடுத்த இன்வாய்ஸைத் தேடி எடுங்கள். மேலே என் பெயர் இருக்கும். பக்கத்தில் இருக்கும் எண் என்னுடையதுதான், அதை நான் மாற்றவில்லை. கீழே வாரண்டி ஒரு வருஷம் என்று இருக்கும். அதைப் பார்க்க வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், வருகிறேன்.